நானோ துகள் நேர்காணலுக்குத் தயாராகும் தம்பி, தங்கைகளுக்கு

முனைவர் பட்ட நேர்காணலுக்காக பெங்களூரு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் முந்தைய நாள் மாலை என் அறையில்தான் தங்குவார்கள். உலோக நானோ துகள்களின், அதாவது சில நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவே உள்ள உலோகத் துணுக்குகளின், பயன்களைக் கேட்டால் மருத்துவம், வினையூக்கி, உணரி, நீர்ச் சுத்திகரிப்பு என்று மளமளவென்று ஒப்பிக்கிறார்கள். "தங்க நானோ துகள்கள் மிதக்கும் கரைசல் ஏன் சிவப்பாக இருக்கிறது?" என்றால் பேச்சு நின்றுவிடுகிறது. உள்ளே கேட்கப்படுவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். எனக்கும் இதுதான் வந்தது.

அதனால் ஒரே ஒரு தயாரிப்பு முறையை ஆணிவேர் வரை படியுங்கள். 1951-இல் வேதியியலாளர் டர்கெவிச்சின் குழு வெளியிட்ட சிட்ரேட் முறையே போதும். தங்கம் அயனியாகக் கரைந்துள்ள குளோரோஆரிக் அமிலக் கரைசலைக் கொதிக்கவைத்து, அதில் சோடியம் சிட்ரேட்டை ஊற்றினால் வெளிர்மஞ்சள் மறையும், கருநீலம் படரும், சில நிமிடங்களில் மாதுளைச் சாறு போலச் சிவக்கும். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி அது! சிட்ரேட் தங்க அயனியை ஒடுக்குகிறது, அதாவது எலக்ட்ரான் கொடுத்துத் தங்க அணுவாக்குகிறது. உருவான துகளின் மேல் படிந்து எதிர்மின்னூட்டமும் தருகிறது. அதனால்தான் துகள்கள் ஒட்டிக்கொள்வதில்லை. சிட்ரேட்டின் விகிதத்தைக் கூட்டினால் துகள் சிறுக்கும் என்று 1973-இல் ஃபிரென்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார்.

இனி நிறம். துகளிலுள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்துக்கு ஏற்ப ஒருசேர அலைவுறுகின்றன. 15 நானோமீட்டர் துகளுக்கு இந்த ஒத்திசைவு 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை ஒட்டி நிகழ்கிறது. பச்சை உறிஞ்சப்பட, சிவப்பு எஞ்சுகிறது. "கொஞ்சம் உப்பைப் போட்டால்?" என்று அடுத்துக் கேட்பார்கள். மின்விலக்கம் தளர்ந்து துகள்கள் நெருங்கும், உறிஞ்சல் நீண்ட அலைநீளத்துக்கு நகரும், கரைசல் நீலமாகும். நிறமாற்ற உணரிகள் பலவும் இயங்குவது இப்படித்தான். கருவுற்றதைக் காட்டும் சோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றும் சிவப்புக் கோடும் தங்கத் துகள்களின் நிறமே. பயன்களை இந்த வழியாகப் படித்தால் மனப்பாடம் தேவைப்படாது.

ஒரு கணக்கும் போட்டுப் பழகுங்கள்: 10 நானோமீட்டர் விட்டமுள்ள துகளில் எத்தனை அணுக்கள்? தங்கப் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறிய கனசதுரமான அலகுக்கூட்டின் பக்கம் 0.408 நானோமீட்டர், அதில் 4 அணுக்கள். கோளத்தின் கன அளவை அலகுக்கூட்டின் கன அளவால் வகுத்து நான்கால் பெருக்கினால் சுமார் 31,000 வரும்.

தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலம் தடுமாறினால் தயங்காமல் எழுந்து பலகையில் வரையுங்கள். எம்.எஸ்சி. ஆய்வில் எடுத்த உறிஞ்சல் நிறமாலையையும் (எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் வரைபடம்) கையோடு கொண்டுவாருங்கள். அதில் உச்சம் அகன்று கிடந்தால், துகள்களின் அளவு சீராக இல்லாமல் இருக்கலாம், சில ஒட்டியும் போயிருக்கலாம் என்று நேர்காணல் குழுவினர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.