ஒரே கட்டிக்குள் இரண்டு புற்றுநோய்

பெருங்குடல் பயாப்சி ரிப்போர்ட்டில் 'அடினோகார்சினோமா' (சுரப்பி செல்களில் தோன்றும் புற்று) என்று வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்றுதான் நினைப்போம், ஆனால் அபூர்வமாகச் சில கட்டிகளில் நியூரோஎண்டோகிரைன் புற்றும் (நரம்பு, ஹார்மோன் செல்கள் இரண்டின் தன்மையும் கொண்ட செல்களில் வருவது) கலந்திருக்கும். இப்படி இரண்டும் கலந்த கட்டிக்கு மினென் (MiNEN) என்று பெயர். இரண்டு பகுதியும் தலா 30 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. என்னைக் கேட்டால், வீரியமான நியூரோஎண்டோகிரைன் பகுதி அதைவிடக் குறைவாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் எழுதிவிடுவதே நல்லது.

கொலோனோஸ்கோப்பியில் கிள்ளி எடுப்பது சில மில்லிமீட்டர் துணுக்குதான், அதில் ஒரு பகுதி மட்டும் சிக்கினால் மற்றது தெரியவே தெரியாது, அறுவை செய்து முழுக் கட்டியும் கைக்கு வந்த பிறகுதான் பல சமயம் குட்டு உடைகிறது. வழக்கமான சாயத்தில் சந்தேகம் வந்தால் நியூரோஎண்டோகிரைன் செல்களை அடையாளம் காட்டும் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் என்ற சிறப்புச் சாயச் சோதனைகளைப் போட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67, அதை நியூரோஎண்டோகிரைன் பகுதியில் தனியாக எண்ண வேண்டும். நிணநீர்க் கணுவுக்குப் பரவியது எந்தப் பகுதி என்பதையும் பார்க்காமல் விடக்கூடாது, கீமோ மருந்தே அதனால் மாறலாம்.