பிரேக் ஆறும் வரை

போன சனிக்கிழமை காலை ஆறரைக்கு அப்பா ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு கோலாலம்பூர் செந்தூல் வீட்டு வாசலில் தயாராக நின்றார். ஜிப் முதுகுப் பக்கம் போய்விட்டால் நெஞ்சில் காற்று ஏறாது. நம் ஊரில் கப்சாய் என்கிற சின்ன மோட்டார் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவருக்கு வயது 72. மோட்டார் ஹோண்டா ஈஎக்ஸ்5. நாலு கியர், கிளட்ச் பிடி கிடையாது, முன்னும் பின்னும் டிரம் பிரேக், முன்னால் ஒரு கம்பிக்கூடை. நான் யமஹா வை15 எடுத்துக்கொண்டேன். 150 சிசி, ஐந்து கியர், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அந்த டிரம் பிரேக்கோடு அப்பா மலை இறங்கப் போகிறாரே என்ற கவலையில் முந்தின ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை.

வழியை முடிவு செய்தது அவர். கோம்பாக் வழியாகப் பழைய பெந்தோங் ரோடு, கெந்திங் செம்பா, பெந்தோங், ட்ராஸ், கேப் என்கிற மலைச்சந்தி, பிரேசர் மலை, அப்புறம் கோல குபு பாருவில் இறங்கி வீடு. தித்திவங்சா மலைத்தொடரைக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை என்று ஒரே நாளில் இரண்டு முறை கடக்கிற வட்டம். மொத்தம் 240 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

பதினெட்டு வயதில் அப்பா பலகை லாரியில் கெலிண்டானாக, அதாவது டிரைவரின் உதவியாளாக இருந்தவர். காராக் நெடுஞ்சாலையும் செம்பா மலைக்குள் குடைந்த சுரங்கமும் எழுபதுகளின் கடைசியில்தான் வந்தன. அதற்கு முன்னால் கோலாலம்பூரிலிருந்து கிழக்குக்கரைக்குப் போகிற லாரி, பஸ், கார் எல்லாம் பெரும்பாலும் இந்த ரோட்டில்தான் ஏறி இறங்கின. இப்போது அதில் சைக்கிள்காரர்களும் எங்களைப் போன்றவர்களும்தான். மூங்கில் இரண்டு பக்கமும் வளைந்து தலைக்கு மேல் கூடுகிறது. வெயில் தரையைத் தொடாத இடங்களில் பாசி பிடித்திருக்கிறது. வளைவின் உள்பக்கம் டயரை விடவே கூடாது.

கெந்திங் செம்பாவுக்கு முன்னால் ஒரு வளைவில் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் ஓரம் கட்டினார். பாறையிடுக்கிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ நீல நிற ரப்பர் குழாயைச் செருகி வைத்திருக்கிறார்கள்.

"அப்ப மூங்கில் போட்டிருந்தாங்க" என்றார்.

கையில் பிடித்து முகம் கழுவினார். தொப்பியைத் திரும்ப மாட்டினார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெந்தோங்கில் பசியாறினோம். எனக்கு ரொட்டி சானாய், அவருக்குக் கோப்பி ஓவும் இரண்டு அரைவேக்காட்டு முட்டையும். பாசாரில் அம்மாவுக்காக இரண்டு கிலோ இஞ்சி வாங்கிக் கூடையில் வைத்துக் கட்டினார். பெந்தோங் இஞ்சியின் காரம் மற்ற இஞ்சிக்குக் கிடையாது என்பது எங்கள் வீட்டில் விவாதத்துக்கு இடமில்லாத விஷயம். அங்கிருந்து ரவூப் ரோட்டில் வடக்கே போய் தெரானுமில் இடதுபக்கம் திரும்பினால் ட்ராஸ். டுரியான் தோட்டங்களுக்கு நடுவில் அமைதியான சின்ன ஊர். 1951 அக்டோபர் 6-ல் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குப் போகிற வழியில் கம்யூனிஸ்டுகளின் பதுங்கித் தாக்குதலில் கொல்லப்பட்டார். அதற்காக அடுத்த மாதம் பிரிட்டிஷார் இந்த ஊர் சனங்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் முகாமில் அடைத்தார்கள். இன்றைக்குக் கடைவாசல் நடைபாதையில் கிழவர்கள் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைப் பார்த்தபோது, அவர்களில் எத்தனை பேர் அன்று கைக்குழந்தையாக லாரியில் ஏற்றப்பட்டார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

கேப்பிலிருந்து பிரேசர் மலை உச்சிக்கு 8 கிலோமீட்டர். முன்பெல்லாம் இங்கே கேட் உண்டு. ஒரு மணி நேரம் ஏறுகிறவர்களுக்கு, அடுத்த மணி நேரம் இறங்குகிறவர்களுக்கு. ரோடு அவ்வளவு குறுகல். மேலே ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரம். மணிக்கூண்டு, கல் பங்களாக்கள், குளிர். காட்டுக்குள்ளிருந்து சியாமங் குரங்குகள் கூவுவதை அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கும் இன்னும் ஒரு மணி நேரம் இருக்க ஆசைதான். ஆனால் மத்தியானம் மூன்று மணிக்குள் மலையைவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். இந்தப் பக்கத்து மழையும் மண்சரிவும் அப்படி. 2022 டிசம்பர் 16 விடியுமுன்னே பத்தாங் காலி கூடார முகாமின் மேல் மலை சரிந்து 31 பேர் போனதிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

கேப்புக்குத் திரும்பி வந்து கோல குபு பாருவை நோக்கி இறங்க ஆரம்பித்தோம். இந்த ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு, அதன் அடியில் ஆறு. ஆறு எப்படி வளைகிறதோ ரோடும் அப்படியே வளைகிறது. நேராக நூறு மீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். ஒரு வளைவு முடியுமுன்னே அடுத்தது தொடங்கிவிடும். நான் முன்னால், அப்பா பின்னால். கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்து, அவருக்காக மெதுவாகப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டோம், ஏதோ கருகின வாடை. ஒரு வளைவுக்கு முன்னால் பின்பிரேக்கை மிதித்தேன். மிதி பஞ்சுபோல உள்ளே போனது. பிடிக்கவே இல்லை. முன்பிரேக்கைப் பிடித்து எப்படியோ ஓரத்தில் நிறுத்தினேன். கால் இரண்டும் நடுங்கின.

அப்பா வந்து நிறுத்தினார். பின்டிஸ்க்குக்குப் பக்கத்தில் உள்ளங்கையைத் தொடாமல் நீட்டி, அனல் பார்த்தார்.

"கேப்புல இருந்து உன் பிரேக் விளக்கு அணையவே இல்லம்மா. சிவப்பாவே எரிஞ்சிக்கிட்டு வருது. ஹாரன் அடிச்சேன், உனக்குக் கேக்கல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த வளைவிலும் கியரை இறக்கவில்லை. நாலாவது கியரிலேயே வண்டியை விட்டுவிட்டு, காலைப் பின்பிரேக்கில் வைத்து அழுத்தியபடியே வந்திருக்கிறேன். இடைவிடாமல் தேய்த்தால் டிஸ்க் சூடேறும், அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்கு ஏறும், எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கிப் போகும், எண்ணெய்போல அழுத்தத்தைக் கடத்தாது. அதனால்தான் மிதி சும்மா உள்ளே போயிற்று. எந்த டிரம் பிரேக்கை நினைத்து ராத்திரியெல்லாம் பயந்தேனோ, அது ஜில்லென்று இருந்தது.

பையிலிருந்து தண்ணீர் போத்தலை எடுத்தேன். அப்பா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ஊத்தாத. சூட்டுல இரும்பு கோணிக்கும். அதுவா ஆறணும்."

"மழை வருதேப்பா. மூணு மணிக்குள்ள இறங்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வரட்டும். பிரேக் இல்லாம இறங்குறதுக்கு நனைஞ்சிட்டு இறங்கலாம்."

மண் சரியாத பக்கமாகப் பார்த்து, ரோட்டோரக் கல்கட்டின் மேல் உட்கார்ந்தோம். அரை மணி நேரம். அப்போதுதான் காலையில் நின்ற அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொன்னார். ஏறும்போது ரேடியேட்டர் கொதித்துவிடுமாம். அந்த மூங்கில் குழாயில் பிடித்துத்தான் ஊற்றுவார்களாம். இறங்கும்போது டிரம் பழுத்துவிடும்; அதற்கு ஒரு சொட்டுக்கூட ஊற்ற டிரைவர் விடமாட்டார். சீனக்காரர், அப்பாவைத் தம்பியாகப் பார்த்துக்கொண்டவர். சக்கரத்துக்குக் கட்டை வைக்கச் சொல்லிவிட்டு, சிகரெட்டைப் பற்றவைத்து உட்கார்ந்துவிடுவாராம். மொதலாளி லேட் என்று கத்துவார் என்று அப்பா சொன்னால், "கத்துறதுக்கு நாம உயிரோட போகணும்ல" என்பாராம். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பதும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். வண்டியின் சத்தத்தைக் கேள், எஞ்சின் முனகினால் அது உன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம் என்பாராம்.

எனக்கு 34 வயது. இத்தனை வருடத்தில் அந்த டிரைவரைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்த்தார், பிடித்தது. "இருந்தாலும் அத நம்பாத. ரெண்டாவது கியர். நான் முன்னால போறேன், என் பிரேக் விளக்கப் பாத்துக்கிட்டே வா. நான் எரிய விட்டா மட்டும் நீ பிரேக்கத் தொடு."

அப்படியே இறங்கினோம். ஈஎக்ஸ்5-இன் சத்தம் மழையிலும் கேட்டது, ஒரே சீரான முனகல். ஒவ்வொரு வளைவுக்கும் நல்ல தூரம் முன்னாலேயே அந்தச் சத்தம் ஒரு படி ஏறும், வண்டி தானாக அடங்கும், அவர் உடம்பு லேசாகச் சாயும். பிரேக் விளக்கு எரியாமலேயே இருந்தது. நான் எண்ணிக்கொண்டு வந்தேன். சிலாங்கூர் ஆற்று அணை கண்ணில் படும்வரை அது எரிந்தது ஒன்பதே முறை. அதில் ஒரு தடவை ரோட்டைக் கடந்த ஒரு குரங்குக்காக.

அணைக்குக் கீழே அம்பாங் பெச்சா என்று ஒரு கம்பம் (கிராமம்). உடைந்த அணை என்று அர்த்தம். 1883-ல் அங்கே இருந்த பழைய அணை உடைந்து கோல குபு ஊரையே அடித்துக்கொண்டு போனது. அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டும்போது மழை விட்டிருந்தது. கோல குபு பாருவில் ஆளுக்கொரு தே தாரே குடித்தோம். என் மோட்டாரை அங்கேயே ஒரு பட்டறையில் காட்டி பிரேக் எண்ணெயை மாற்றிக்கொண்டுதான் அப்பா புறப்பட விட்டார். மீதி ராசா, பத்தாங் காலி, ரவாங் என்று தெரிந்த பாதை.

வீடு சேரும்போது ஏழரை. அம்மா கூடையைத்தான் முதலில் பார்த்தாள். இஞ்சி முழுக்க நனைந்திருந்தது. அப்பா நாளிதழை விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பி, காற்றாடியைத் திருப்பி வைத்தார்.

"அதுவா காயட்டும்" என்றார்.