ஸ்டார்டியூ வேலியில் 53 கற்கள்: கடைசி வரை வராத மாக்கல்

52 கல் சேர்ந்தாச்சு, ஒன்றுதான் பாக்கி என்று நோட்டில் எழுதியது விளையாட்டுக் கணக்கில் இரண்டாம் வருடம், இலையுதிர் காலம் 22. அந்த ஒன்று கைக்கு வர ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. அது வைரமும் இல்லை, மரகதமும் இல்லை. சோப்ஸ்டோன். நம் ஊர் மாக்கல். கல்சட்டி குடைகிற அதே கல்.

ஸ்டார்டியூ வேலி ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம். எரிக் பரோன் என்பவர் தனியாளாக உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியிட்ட விளையாட்டு. தாத்தா விட்டுப்போன பாழடைந்த பண்ணையைச் சீர்படுத்த வேண்டும். நான் விவசாயத்தில் மக்கு. என் பண்ணையில் பாதி இன்னும் புதர்தான். எனக்குப் பிடித்தது ஊருக்கு வடக்கே இருக்கிற சுரங்கம். முதல் வசந்தத்தின் 5-ஆம் நாள் அது திறக்கும். 120 தளம், ஐந்து தளத்துக்கொரு முறை லிஃப்ட் நிற்கும். அங்கே கிடைப்பதை ஊர் மியூசியத்தில் குந்தர் என்பவரிடம் கொடுக்கலாம். முன்பு இருந்த காப்பாளர் சேகரிப்பு முழுவதையும் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டதால் மேஜைகள் காலி. மொத்தம் 95 பொருள்: தொல்பொருள் 42, கனிமம் 53. தொல்பொருளுக்கு மண்ணைக் கிளற வேண்டும், அதற்குப் பொறுமை இல்லை. கனிமத்தை மட்டும் முடிப்பது என்று உட்கார்ந்தேன்.

விளையாட்டில் தமிழ் இல்லை. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் 53 பெயரையும் தமிழ் எழுத்தில் எழுதி, தெரிந்ததற்கெல்லாம் பக்கத்தில் நம் பெயரையும் போட்டேன். மார்பிள் சலவைக்கல், சாண்ட்ஸ்டோன் மணற்கல், லைம்ஸ்டோன் சுண்ணாம்புக்கல் என்று முதலில் சுலபமாகத்தான் போனது. ஆர்பிமென்ட் வந்தபோது தேடிப் பார்த்தேன். ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம், விஷம். தமிழில் அரிதாரம்! கூத்துக்காரர்கள் முகத்தில் பூசிய மஞ்சள் இதுதான். இன்றைக்கு மேக்கப்புக்கே அரிதாரம் என்ற பெயர் நின்றுவிட்டது. பெயருக்குள் கல் இருப்பதே தெரியாமல் இத்தனை வருடம் அந்தச் சொல்லைப் பேசியிருக்கிறேன்.

நெகோயைட் இன்னொரு வேடிக்கை. நெகோ என்றால் ஜப்பானியத்தில் பூனை, ஏதோ பூனைக்கல்லாக்கும் என்று நினைத்திருந்தேன். ஓகெனைட் என்று ஒரு நிஜக் கனிமம், மகாராஷ்டிராப் பாறைகளில் பஞ்சு உருண்டை மாதிரி வெள்ளையாகக் கிடைக்கும். அந்தப் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு அதன் உறவுக்காரக் கனிமத்துக்கு வைத்த பெயர்தான் நெகோயைட். அதுவும் நிஜக் கனிமம். விளையாட்டில் சும்மா கற்பனையாகச் சேர்த்த கற்களும் உண்டு. லெமன் ஸ்டோன், கோஸ்ட் கிரிஸ்டல், பெட்ரிஃபைடு ஸ்லைம் எல்லாம் அந்த வகை. எது நிஜம், எது கற்பனை என்று பிரிப்பதிலேயே இரண்டு ராத்திரி போனது.

நவரத்தினக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். டோபாஸைப் புஷ்பராகம் என்று ஒத்துக்கொண்டால், வைரம், மாணிக்கம், மரகதத்தோடு சேர்த்து நான்குதான் குந்தரின் மேஜைக்குப் போகும். முத்தும் பவளமும் விளையாட்டில் இருக்கின்றன, ஆனால் மியூசியத்தில் வாங்கமாட்டார்கள். நீலம், கோமேதகம், வைடூரியம் மூன்றும் கிடையவே கிடையாது. நீலக்கல் இல்லாத ரத்தின விளையாட்டு! இது எனக்கு இன்னும் குறைதான். அக்வாமரைன் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். காங்கேயம் பக்கம் படியூரில் ஒரு காலத்தில் வெட்டியெடுத்த பெரில் வகைதான் அது.

சரி, வேட்டைக்கு வருகிறேன்.

53-இல் பன்னிரண்டு கற்கள் நேராகக் கிடைத்துவிடும். குவார்ட்ஸ் எங்கேயும் கிடக்கும். எர்த் கிரிஸ்டல் முதல் நாற்பது தளத்தில், ஃப்ரோசன் டியர் நடுவில், ஃபயர் குவார்ட்ஸ் அடியில். அப்புறம் எட்டு ரத்தினம். மீதி 41-உம் ஜியோடுக்குள் இருக்கிறது. ஜியோடு என்பது உள்ளே கூடாகிப் படிகம் வளர்ந்த உருண்டைக் கல். கொல்லர் கிளின்ட்டிடம் ஒன்றுக்கு 25 ஜி (விளையாட்டுக் காசு) கொடுத்தால் பட்டறைக் கல்லில் வைத்து ஒரு போடு போடுவார். சாதா ஜியோடில் 15 வகை, ஃப்ரோசனில் 14, மேக்மாவில் 12. ஆம்னி ஜியோடில் எது வேண்டுமானாலும் வரலாம். ஆனால் உடைத்ததில் கிட்டத்தட்டப் பாதியில் களிமண், கரி, தாமிரத் தாது என்று வெறும் சரக்குதான் வரும்.

முதல் வருடம் முடியும்போது 31. இரண்டாம் வருடக் கோடையில் 50 ஆனது. அதற்குப் பரிசாக குந்தர் கிரிஸ்டலேரியம் கொடுத்தார். உள்ளே ஒரு ரத்தினத்தைப் போட்டால் அதே ரத்தினத்தைத் திரும்பத் திரும்பச் செய்து தரும் இயந்திரம் அது. எல்லோரும் வைரம் போடச் சொல்வார்கள், ஒன்றுக்கு 750 ஜி. ஆனால் ஒரு வைரத்துக்கு ஐந்து நாள் ஆகும். நான் ஜேடு போட்டேன். பாலைவன வியாபாரி ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜேடுக்கு ஒரு படிக்கட்டு தருவார். படிக்கட்டை வைத்தால் கல் உடைத்து வழி தேடாமல் நேராக அடுத்த தளத்துக்கு இறங்கலாம். பாலைவனத்தில் இருக்கிற ஸ்கல் கேவர்ன் என்ற இன்னொரு சுரங்கத்தில் ஆழம் போக இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

அப்போது பாக்கி மூன்று: நெப்டியூனைட், பிரிஸ்மாட்டிக் ஷார்ட், சோப்ஸ்டோன்.

பிரிஸ்மாட்டிக் ஷார்ட் ஏன் பாக்கி என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அது முதல் வருடக் குளிர்காலத்திலேயே கிடைத்தது, 106-ஆம் தளத்தில், ஒரு மிஸ்டிக் கல்லிலிருந்து. ஏழு நிறமும் மாறி மாறி மின்னுகிற கல். மூன்று தூணுக்கு நடுவில் பிடித்தால் கேலக்ஸி வாள் கிடைக்கும் என்று அப்போது தெரியாது. ஊரில் யாருக்குக் கொடுத்தாலும் கொண்டாடுவார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். வசந்தம் 14 ஊர்ப் பெண் ஹேலியின் பிறந்தநாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊரிலேயே அந்தக் கல்லை வெறுக்கிற ஒரே ஆள் ஹேலி. பிறந்தநாள் பரிசுக்கு எட்டு மடங்கு கணக்கு. பிடித்தாலும் எட்டு மடங்கு, பிடிக்காவிட்டாலும் எட்டு மடங்கு. நட்பை இதயக் கணக்கில் அளக்கிற விளையாட்டு இது, ஒரு இதயத்துக்கு மேல் இறங்கிவிட்டது. சேமிக்காமல் வெளியே வந்து அந்த நாளைத் திரும்ப ஆடியிருக்கலாம். ஆத்திரத்தில் போய்ப் படுத்துவிட்டேன். படுத்தால் சேமிப்பாகிவிடும்.

நெப்டியூனைட் கோடைக் கடைசியில் ஒரு மேக்மா ஜியோடில் வந்தது. கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளப்பு. இலையுதிர் காலம் 21, ஞாயிறு. ஒன்பது ஜேடு, ஒன்பது படிக்கட்டு. ஸ்கல் கேவர்னில் 40 தளத்துக்குக் கீழே ஒரு இரிடியம் பாறையை உடைத்தபோது இரண்டாவது ஷார்ட் விழுந்தது. உடனே திரும்பிவிட்டேன், மறுநாள் காலை நேராகக் குந்தரிடம். அப்படித்தான் 52.

சோப்ஸ்டோன் கதை வேறு. விளையாட்டில் அதன் விலை 120 ஜி. ஃப்ரோசன் ஜியோடில் வரும், ஆம்னியிலும் வரும். அதாவது, வர வேண்டும். எனக்கு ஓபல் ஆறு வந்துவிட்டது, ஃபேரி ஸ்டோன் ஐந்து, சோப்ஸ்டோன் மட்டும் பூஜ்யம்.

குளிர்காலத்தில் ஒரு நாள் சோதித்தே பார்ப்போம் என்று 12 ஃப்ரோசன் ஜியோடை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். 12-உம் உடைத்து, வந்ததை வரிசையாக நோட்டில் எழுதினேன். படுக்காமல் வெளியே வந்து, அதே காலையைத் திரும்பத் திறந்து மறுபடி உடைத்தேன். அச்சு அசலாக அதே வரிசை. மூன்றாவது தடவை முதலில் ஒரு ஆம்னி ஜியோடு, அப்புறம் ஃப்ரோசன். இப்போது எல்லாம் ஒரு படி முன்னால் நகர்ந்திருந்தது. முன்பு இரண்டாவது ஜியோடில் வந்த கயனைட் இப்போது முதல் ஃப்ரோசனிலேயே வந்தது. முன்பு முதலில் வந்த பைரைட்டைக் காணோம்.

விஷயம் அப்போதுதான் புரிந்தது. கல்லுக்குள் ஒன்றும் இல்லை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து எத்தனை ஜியோடு உடைத்திருக்கிறோம் என்ற எண்ணிக்கைக்குத்தான் பரிசு எழுதியிருக்கிறது. 140-ஆவதாக ஃப்ரோசனை உடைத்தால் இது, சாதாவை உடைத்தால் அது என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அப்படியானால் சோப்ஸ்டோன் வர வேண்டிய எண்களில் எல்லாம் நான் சாதா ஜியோடையும் மேக்மாவையும் உடைத்து வீணாக்கியிருக்கிறேன்! கிளின்ட்டின் கடையில் கையில் கிடைத்ததைக் கலந்து கொட்டிய பலன். வரிசையை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் கருவிகள் இருக்கின்றன. அதைத் தொடவில்லை. ஜாதகம் பார்த்துவிட்டுத் தாயம் ஆடுகிற மாதிரி இருக்கும்.

அன்றிலிருந்து ஃப்ரோசன் மட்டும்தான். லிஃப்டில் 45-ஆம் தளம், பாறைகளை உடைத்துக்கொண்டே 60 வரைக்கும், மறுபடி மேலே. 71-க்குக் கீழே போனால் எலும்புக்கூடுகள் எலும்பை எறியும். ஒரு தடவை அங்கே சாய்ந்து பை கொஞ்சம் காலியானது, அதோடு அந்தப் பக்கம் போவதில்லை. மற்ற ஜியோடு எது கிடைத்தாலும் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

கையில் 31 சேர்ந்தது குளிர்காலம் 27. கிளின்ட்டிடம் 775 ஜி. கரி, கரி, ஹெமடைட், களிமண், ஓபல் (ஏழாவது), இரும்புத் தாது. அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"என்னடி, ராத்திரி பூரா கல்லையே உடைச்சிட்டு இருக்க? என்ன கிடைக்கும்?"

"மாக்கல்."

"அதுக்கா இவ்வளவு பாடு?" என்று சமையலறையைக் காட்டினாள். அங்கே அவள் கல்யாணத்துக்குச் சேலத்திலிருந்து வந்த கல்சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. அரிசி கழுநீரும் எண்ணெயும் விட்டுப் பல நாள் பழக்கிய சட்டி. நான் மூன்றாவது படிக்கும்போது விளிம்பில் தட்டிச் சில்லு போன இடம் இன்னும் வெளுப்பாகத் தெரியும். வத்தக்குழம்பு அதில் மட்டும்தான் வைப்பாள்.

23-ஆவது ஜியோடு. கிளின்ட் சுத்தியலை ஓங்கினார், புகை, சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. முதலில் வெறும் கல் என்று நினைத்து அடுத்ததை எடுக்கப் போனேன். அப்புறம்தான் பெயரைப் பார்த்தேன்.

மீதி எட்டை உடைக்கவில்லை.

குந்தரின் மேஜையில் பொருளை நம் இஷ்டத்துக்கு வைக்கலாம். வைரம், மாணிக்கம், மரகதம், டோபாஸ் நான்கையும் ஒரு மூலையில் வரிசையாக வைத்து, பக்கத்தில் ஐந்து இடம் காலியாக விட்டிருந்தேன், வராத நவரத்தினங்களுக்கு. சோப்ஸ்டோனை அதில் ஒரு இடத்தில் வைத்தேன், வைரத்துக்கு ஒட்டினாற்போல். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"இதுவா? இது பழக்காத கல்லுடி. இதுல குழம்பு வச்சா வெடிச்சிடும்."