மட்டக்களப்பில் ஓடும், 18 வளைவில் கொதிக்கும்

"அண்ணன், இந்தப் பெரிய ஃபேனைக் கழட்டிப்போட்டு, காருக்கு இருக்கிற மாதிரி கரண்ட் ஃபேன் ரெண்டு போட்டுத் தாங்க."

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துக் கராச்சுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் வான்காரர்கள்: டொல்பின், டவுன்ஏஸ், லைட்ஏஸ், இடையிடையே ஒரு டபிள் கப் பிக்கப். ஒன்றில் வண்டி சூடாகிறது, அல்லது டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டீசல் மிச்சம் கொஞ்சம் கிடைக்கும். சூட்டுக்கு இது மருந்தல்ல. பல வண்டிகளில் நோயைக் கூட்டிவிடும்.

சூடாகும் வண்டி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இருக்கிற விஸ்கஸ் ஃபேனைத்தான், அதாவது எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் அந்தப் பெரிய ஃபேனை. அதன் நடுக்குடத்துக்குள் இருப்பது சிலிக்கன் எண்ணெய். றேடியேற்றரைத் தாண்டி வரும் காற்று சுட்டதும், முன்பக்கத்தில் சுருண்டிருக்கும் இரட்டை உலோகத் தகடு விரிந்து உள்ளே ஒரு வாயிலைத் திறக்கும். எண்ணெய் வரிப்பள்ளத் தட்டுகளுக்குள் புகுந்து ஃபேனைக் கப்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் கசிந்து குறைந்தால் பிடி விடும். குடத்தின் முகத்தில் புழுதி ஒட்டிய எண்ணெய்க் கோடு தெரிந்தால் கசிவு என்று அர்த்தம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நிறுத்திவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். கனமாகத் தடுக்க வேண்டும். ஒரு தட்டுத் தட்டியதும் நாலு சுற்றுச் சுற்றினால் அது முடிந்த ஃபேன். டொயோட்டாக் குடங்களுக்கான சிலிக்கன் 18 மில்லி சிறு குழாய்களில் வருகிறது. பெயரிங் நன்றாக இருந்தால் ஒன்றிரண்டு குழாய் ஊற்றியே பல வண்டிகளைத் திருப்பி எடுக்கலாம். செலவும் கரண்ட் ஃபேன் வேலையில் ஒரு சிறு பங்குதான்.

அடுத்தது அடைப்பு. அம்பாறை, சம்மாந்துறைப் பக்கம் வேளாண்மை வெட்டுக் காலத்தில் ஓடும் வண்டிகளில் பதரும் வைக்கோல் தூளும் ஏசி கொண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் நடுவில் போய் இறுகிவிடும். கிரில்லுக்கால் எட்டிப் பார்த்தால் கொண்டென்சர் சுத்தமாகத்தான் இருக்கும். மேல் போல்ட்டுகளைத் தளர்த்திக் கொண்டென்சரை நாலு விரல் முன்னே சாய்த்தால்தான் உள்ளே கம்பளி விரித்ததுபோல் படிந்திருப்பது தெரியும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவ வேண்டும். கடற்காற்றில் துருவேறிய பழைய றேடியேற்றரின் மெல்லிய தகட்டுச் செட்டைகளுக்குப் பிரஷர் வோஷ் அடித்தால் அப்படியே மடங்கிவிடும், காற்றுக்கு வழியே இராது. உள்பக்க அடைப்புக்குக் காரணம் வேறு. கரையோரக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி ஊற்றிக் குழாய்களுக்குள் சுண்ணாம்பும் துருவும் கட்டியிருக்கும். அந்த றேடியேற்றருக்கு எந்த ஃபேனைப் பூட்டியும் பயனில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் மாற்றத்தான் வேண்டும் என்றால், கணக்கிலிருந்து தொடங்கலாம். 12 அங்குலக் கரண்ட் ஃபேன் ஒன்று ஓடும்போது 10 முதல் 15 அம்பியர் வரை இழுக்கும், புறப்படும் கணத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இரண்டு ஃபேனுக்கு 25 அம்பியர் என்று வையுங்கள். இரவில் ஏசியோடு போகும் வானில் ஹெட்லைட்டுக்கு 9, சிறு விளக்குகளுக்கு 3, முன்னும் பின்னும் ஏசி புளோவருக்கு 25, கொண்டென்சர் ஃபேனுக்கு 10, ஏசி கொம்பிரசரின் கிளச்சுக்கு 4. கூட்டினால் 76. பழைய வான்களில் இருப்பது 60, 70 அம்பியர் அல்டர்னேற்றர். அதுவும் அந்த அளவைக் கொடுப்பது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான், சும்மா நிற்கையில் பாதிகூட வராது. கரண்ட் ஃபேன் மும்முரமாக ஓடுவதும் வண்டி நிற்கும்போதுதான். மிச்சத்தைப் பற்றரி கொடுக்கும். ஒரு மாதம் கழித்து "புதுப் பற்றரி, ஆனாலும் காலையில ஸ்டார்ட் இல்ல" என்று வருவது இதனால்தான்.

பெரிய அல்டர்னேற்றர் போடலாம் என்றால் அங்கும் ஒரு சிக்கல். 3எல், 2சி போன்ற டீசல் எஞ்சின்களில் பிரேக்குக்கான வெக்கியூம் பம்ப் அல்டர்னேற்றரின் பின்னால்தான் பூட்டியிருக்கும், அதற்கு எண்ணெய் போய்வரும் குழாய்களோடு. பெற்றோல் காரின் அல்டர்னேற்றரைக் கொண்டுவந்து பூட்டினால் கரண்ட் வரும், பிரேக் கல்லாகிவிடும். வெக்கியூம் பம்ப் உள்ளதாகவே தேடி எடுக்க வேண்டும்.

ஃபேனைத் தனியாக வாங்குவதைவிட, ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சாமானில் கவரோடு சேர்ந்த இரட்டை ஃபேன் செற்றாக எடுப்பது நல்லது. கவர் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள இடத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். கவர் றேடியேற்றரின் முகத்தை ஏறக்குறைய முழுதாக மூட வேண்டும், ஓரங்களில் ரப்பர் பட்டி வேண்டும். முழுக் கவரில் வேறொரு வில்லங்கம் உண்டு. 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் தானாக வரும் காற்றை அது மறிக்கும். கவரில் சில ஓட்டைகள் வெட்டி, உள்ளே இழுக்கையில் மூடிக்கொண்டு வேகத்தில் திறக்கும்படி ரப்பர் மடிப்புகள் வைத்தால் அது தீரும்.

சாமான் கடையில் ஃபேனோடு தரும் பிளாஸ்டிக் கட்டுகளைக் குப்பையில் போடுங்கள். றேடியேற்றரின் செட்டைகளுக்கூடாகக் குத்திக் கட்டுகிற அந்த முறை, அதிர்ந்து அதிர்ந்து ஒரு நாள் குழாயைத் தேய்த்து ஓட்டையாக்கும். பக்கச் சட்டத்தில் பட்டை இரும்பு பூட்டி, ரப்பர் வொஷர் வைத்து நிறுத்த வேண்டும்.

பழைய ஃபேனைக் கழற்றுவது நாலு நட் வேலை. ஆனால் வோட்டர் பம்ப் கப்பியை இறுக்கிப் பிடித்திருப்பதும் அதே நட்டுகள்தான். ஃபேனின் விளிம்புத் தடிப்பு போனதும் நட் புரி இல்லாத தண்டுவரை ஏறி முட்டி நிற்கும். கைக்கு இறுகியதுபோலத் தெரியும், கப்பியோ தளர்ந்தே இருக்கும். எடுத்த விளிம்பின் தடிப்புக்கு வொஷர் அல்லது வளையம் போட்டு இறுக்குங்கள்.

வயரிங்கில்தான் அதிகம் கெடுகிறது. பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ், பிறகு 40 அம்பியர் றிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு நிறுத்தும் சுவிச்), பிறகு ஃபேன். ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி றிலே, தனிப் பியூஸ், 4 சதுர மில்லிமீற்றர் வயர். றிலேயின் கால்களுக்கு எண் உண்டு: 30இல் பற்றரி, 87இல் ஃபேன், 86இல் சாவிக் கரண்ட், 85 சூட்டுச் சுவிச் (தண்ணீர் சுட்டதும் ஃபேனைப் போடுவது) வழியாக ஏர்த். ஒரே றிலேயில் இரண்டையும் மாட்டி, ஹோர்ன் வயரால் இழுத்த வேலைகளில் றிலே எரிவதில்லை. கீழேயுள்ள சொக்கட்தான் உருகும். பிளாஸ்டிக் மஞ்சளாகிக் கறுத்து, 87ஆம் காலைச் சுற்றிக் குழிந்திருக்கும். ஃபேன் ஓடும்போது பற்றரி முனையிலும் ஃபேன் பிளக்கிலும் மீற்றர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எங்கோ வயர் மெல்லிசு, அல்லது ஏர்த் பெயின்ற் மேல் நிற்கிறது. உப்புக்காற்றுக்கு ஏர்த் முனையில் கிரீஸ் பூசாமல் விடாதீர்கள்.

சுற்றும் திசையையும் பார்த்துவிடுங்கள். கிரில்லுக்கு முன்னால் ஒரு கடதாசியைப் பிடித்தால் அது உள்ளே ஒட்ட வேண்டும். தள்ளினால் வயர் மாறியிருக்கிறது. ஊருக்குள் கொதிக்காவிட்டாலும் நெடுவீதியில் எதிர்க்காற்றோடு முட்டிக்கொள்ளும்.

சூட்டுச் சுவிச்சை றேடியேற்றரின் மேல் ஹோஸில் வைப்பவர்களே அதிகம். எஞ்சின் தண்ணீரை றேடியேற்றருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டட் 82 பாகையில் திறப்பது என்றால், 95இல் போட்டு 90இல் நிறுத்தும் சுவிச் பொருந்தும். 80இல் நிறுத்துவதை வைத்தால் ஃபேன் ஓயவே ஓயாது, ஏனென்றால் தெர்மோஸ்டட் தண்ணீரை அந்த அளவுக்குக் குளிர விடாது. ஹோஸை வெட்டி நடுவில் செருகும் அலுமினியத் துண்டு இரு பக்கமும் ரப்பரில் நிற்பதால் ஏர்த் இல்லாமல் கிடக்கும், அதற்கென்று ஒரு வயர் கொடுக்க வேண்டும். ஹோஸுக்கும் வாய்க்கும் இடையில் மெல்லிய செம்புக் குழாயை நுழைக்கும் மலிவு வகை என்றோ ஒரு நாள் ஒழுகும். ஒழுகித் தண்ணீர் குறைந்தால் சுவிச் வெறும் ஆவியில் நிற்கும், எஞ்சின் கொதித்தாலும் ஃபேனைப் போடாது. பழைய டொயோட்டாக் கார்களில் இதைத் தலைகீழாகச் செய்திருப்பார்கள்: குளிரில் சுற்றை மூடி ஃபேனை நிறுத்தி, சூட்டில் திறந்து ஓடவிடும் சுவிச். வயர் அறுந்தாலும் சுவிச் திறந்தபடி செத்தாலும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த யோசனையை விஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை.

ஏசி போட்டதும் ஃபேன் ஓட வேண்டும், 95 வரை காத்திருக்கக் கூடாது. கிளச் வயரிலிருந்து இன்னொரு றிலேக்குக் கரண்ட் எடுத்தால் போதும். டாஷ்போர்டில் கையால் நிறுத்தும் சுவிச் ஒன்றும் வையுங்கள். இந்த வேலையில் மனதார மெச்சக்கூடிய பயன் அதுதான். மாரியில் கிட்டங்கித் தாம்போதி போன்ற இடங்களில் தண்ணீருக்குள் இறங்கும்போது, பெல்ட்டில் சுற்றும் ஃபேனின் இதழ்கள் தண்ணீரை அடித்து முன்னே வளைந்து றேடியேற்றரை வெட்டிவிடும். கரண்ட் ஃபேனை அந்த இரண்டு நிமிடத்துக்கு நிறுத்திவிடலாம்.

சோதனை என்று நண்பகலில் ஏசியைப் போட்டு அரை மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள், பிறகு கல்முனைவரை ஒரு ஓட்டம். எல்லா வண்டியும் இதில் பாஸாகும். நம் பக்கத்தில் ஏற்றமே இல்லையே. பரீட்சை இருப்பது மகியங்கனை தாண்டி, கண்டிப் பாதையின் 18 வளைவில். ஆட்கள் நிறைந்த வான், இரண்டாம் கியர், 25 கிலோமீற்றர் வேகம். எதிர்க்காற்று இல்லை, எஞ்சினோ முழுப் பாரத்தில். எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீருக்குள் வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் இறுகிய விஸ்கஸ் ஃபேன் எஞ்சினிடமிருந்து கிலோவாட் கணக்கில் பறித்துக் காற்றை இழுக்கும். இரண்டு கரண்ட் ஃபேனும் சேர்ந்து 340 வாட் அளவுதான். சமதரையில் மிச்சமாகத் தெரிந்தது இங்கே குறையாகத் தெரியும். டாஷ்போர்டின் சூட்டு முள்ளை நம்பவும் முடியாது. பல வண்டிகளில் அது 80இலும் நடுவில், 100இலும் நடுவில்தான் நிற்கும். தெர்மோஸ்டட் மூடியில் ஒரு கறுப்புப் பெயின்ற் பொட்டு வைத்து அதில் லேசர் வெப்பமானியைப் பிடியுங்கள். மினுங்கும் அலுமினியத்தில் பிடித்தால் குறைவாகக் காட்டும்.

ஆகவே ஊருக்குள் ஓடும் வண்டிக்கும், மாரியில் தண்ணீருக்குள் போக வேண்டியதற்கும் மாற்றிக் கொடுக்கலாம். கண்டி, நுவரெலியா, பதுளை என்று ஹயர் ஓடும் வானுக்கு, சிலிக்கன் ஊற்றி அனுப்புவதே மரியாதை. மாற்றிக் கொடுத்தாலும் கழற்றிய விஸ்கஸ் ஃபேனை உரிமையாளரிடமே கொடுத்துவிடுங்கள். நாலு நட்டையும் ஒரு பையில் போட்டு அதிலேயே கட்டி, சுவரோடு நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். படுக்கப் போட்டால் எண்ணெய் ஒழுகிவிடும், திருப்பிப் பூட்ட வரும் நாளில் உதவாது.