பெல்ட்டைக் கழற்றப் பழகிய நாட்கள்

இடுப்புக்குப் பெல்ட் போட்டுக்கொள் என்று எனக்குச் சொன்னவர்கள் குறைந்தது ஆறு பேர் இருப்பார்கள். அதை எப்போது கழற்ற வேண்டும் என்று சொன்னவர் ஒருவர்தான். அவரைப் போய்ப் பார்ப்பதற்குள் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. இதே இடுப்பு வலியோடும் இதே பெல்ட்டோடும் இருக்கும் யாருக்காவது அந்தப் பதினான்கு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சேலம் சிவதாபுரத்தில் இருக்கிறது. வெள்ளிக் கொலுசு வேலை. பட்டறையிலிருந்து வெள்ளியை எடை போட்டு வாங்கி வந்து, வீட்டிலேயே கண்ணி கோத்துப் பற்றவைத்து, மறுபடி எடை போட்டுக் கொடுப்போம். கூலி கிலோ கணக்கில் வரும். கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு ஆண்டுகள். அத்தனை ஆண்டும் தரையில் மணை போட்டு உட்கார்ந்து, குனிந்து, தீயின் முன்னால் கண்ணை வைத்துச் செய்த வேலை. தீபாவளி நெருங்கும் மாதங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்கூட அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்கும்போது ஒரு கையைத் தரையிலும் ஒரு கையைச் சுவரிலும் ஊன்றுவது பழக்கமாகவே போய்விட்டது. இந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் எழுந்திருக்கிறார்கள். அதனால் அது வலியின் அடையாளம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வீடு கழுவத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது குறுக்கு பிடித்துக்கொண்டது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நீவிவிட்டார்கள். ஒத்தடம் கொடுத்தோம். பத்து நாளில் பாதி குறைந்தது. மீதிப் பாதி போகவே இல்லை. ஐப்பசி வந்தும் இருந்தது. பன்னிரண்டு வாரத்தைத் தாண்டி நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எலும்பு மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதிவிடுகிறேன். எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போகிறதா, சிறுநீர் வராமல் அடைக்கிறதா, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறதா, காலில் பலம் குறைகிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, முன்பு புற்றுநோய் இருந்ததா, கீழே விழுந்தீர்களா. எதுவும் இல்லை என்றேன். இவற்றில் ஒன்று இருந்தாலும் பெல்ட், ஒத்தடம் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் நான்கில் ஒன்றென்றால் அன்றைக்கே.

ஸ்கேனில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு லேசாக விலகியிருக்கிறது, தேய்மானமும் இருக்கிறது என்று வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்று நானும் கேட்கவில்லை. தேய்மானம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு எனக்கு வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

மருந்துக் கடையில் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே என்னைப் பார்த்து அளவு சொல்லி ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். 650 ரூபாய். அகலமான எலாஸ்டிக் பட்டை, முதுகுப் பக்கம் நான்கு உலோகப் பட்டிகள், முன்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டை. வீட்டுக்கு வந்து கட்டிக்கொண்டு நின்றேன். உண்மையாகவே சுகமாக இருந்தது. யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் இடுப்பைத் தாங்கிப் பிடித்தது போல இருந்தது. அன்று இரவு பல மாதங்களுக்குப் பிறகு சமையலறையில் நின்று தோசை சுட்டேன். அந்தச் சுகத்தை நான் மறுக்க மாட்டேன். அது பொய்யாக இருந்திருந்தால் நான் அதில் மாட்டிக்கொண்டிருக்கவும் மாட்டேன்.

முதலில் வேலை நேரத்துக்கு மட்டும் என்று கட்டினேன். பிறகு எழுந்ததும் கட்டி, படுக்கும்போது கழற்றினேன். மார்கழியில் படுக்கும்போதும் கழற்றவில்லை. புடவை கட்டுகிறவர்களுக்கு இதில் ஒரு தனிப்பட்ட தொல்லை உண்டு. ஆண்களுக்கு இது புரியாது. பாவாடை நாடாவைப் பெல்ட்டுக்கு அடியில் கட்டினால் முடிச்சு வயிற்றில் அழுந்திப் புண்ணாகும். மேலே கட்டினால் ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போகும்போதும் புடவையையே அவிழ்த்துக் கட்ட வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். சித்திரை வெயிலில், தீக்குப் பக்கத்தில், எலாஸ்டிக்குக்கு அடியில் இடுப்பைச் சுற்றி வேர்க்குரு பூத்துப்போனது. தரையில் உட்கார்ந்தால் பெல்ட் மேலே ஏறி, உலோகப் பட்டிகள் விலா எலும்பில் குத்தின. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். கழற்றினால் முதுகு உடைந்துவிடும் என்று அந்தச் சமயத்தில் நான் உறுதியாக நம்பினேன். பெல்ட் இல்லாமல் ஒரு சொம்புத் தண்ணீர் எடுக்கக்கூடத் தயங்கினேன்.

அடுத்த ஆண்டுத் தீபாவளி வேலைதான் என் கண்ணைத் திறந்தது. பெல்ட் கட்டியபடியே, முந்தைய ஆண்டில் பாதி எடைகூட என்னால் செய்து கொடுக்க முடியவில்லை. வலி அப்படியே இருந்தது. என் மகள்தான் பிடிவாதமாக ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போனாள்.

அவருக்கு என் மகளைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். “அம்மா, முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்” என்றார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. கழற்றினேன். எதுவும் உடையவில்லை. குனியச் சொன்னார், முழங்காலுக்குக் கீழே கை போகவில்லை. மூச்சை முழுதாக இழுக்கச் சொன்னார், வயிறு அசையாமல் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. மாதக்கணக்கில் இறுக்கிக் கட்டியதில் நான் மூச்சு விடும் விதமே மாறியிருந்தது.

பிறகு ஸ்கேனைப் பார்த்தார். வலியே இல்லாதவர்களின் முதுகை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்திருப்பதைச் சொன்னார். அதில் 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கும், 40 வயதினரில் 68 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் இருந்திருக்கிறது. “தலைமுடி நரைப்பது போலத்தான் அம்மா. அதைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள்.” எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. ஓராண்டுக்கும் மேலாக என் முதுகுக்குள் ஏதோ இற்றுக்கொண்டிருக்கிறது என்று நினைத்துத் தூங்காமல் கிடந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் மாத்திரையைவிடப் பெரிதாக இருந்தது.

பெல்ட்டைப் பற்றி அவர் சொன்னது எனக்கு முதலில் கோபத்தைத்தான் கொடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் இடுப்புப் பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றே இருக்கிறது. இங்கிலாந்தின் வழிகாட்டுதல் 2016-லேயே அப்படிச் சொல்லிவிட்டது. அப்படியானால் நான் பட்டதெல்லாம் வீணா என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். பெல்ட் வயிற்றை அழுத்தி, குனிவதைக் குறைத்து, சூட்டையும் தாங்கும் உணர்வையும் தருகிறது. வலி கடுமையாக இருக்கும் சில நாட்களில் அந்த உதவியால் ஒருவர் எழுந்து நடமாடுகிறார் என்றால் நல்லதுதான். ஆனால் அது எதையும் குணப்படுத்துவதில்லை. நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு உடம்பை அசைக்கவே பயப்பட ஆரம்பித்தால் வலி நம்மோடு தங்கிவிடுகிறது. முதுகெலும்பு முறிவுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கொடுக்கும் கெட்டியான பிரேஸ் வேறு வகை, அதை மருத்துவர் சொல்லாமல் கழற்றக் கூடாது என்பதையும் சொன்னார். 2020-இல் உலகத்தில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாம். எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன்.

பிறகு டேப்பை எடுத்து அளந்தார். எனக்கு ஒரு அளவு பெரிய பெல்ட்டைக் கொடுத்திருந்தார்கள்; மேலே ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். சரியான அளவில் வேறொன்று வாங்கினோம். மெல்லிய பருத்தித் துணிக்கு மேல் கட்ட வேண்டும், கீழ் ஓரம் இடுப்பு எலும்பைத் தழுவி நிற்க வேண்டும், உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், முழு மூச்சு விட முடிய வேண்டும். தரையில் உட்காரும்போதும் தூங்கும்போதும் வேண்டவே வேண்டாம்.

கழற்றும் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், அதுவும் தண்ணீர் தூக்குவது, துணி துவைப்பது போன்ற வேலைக்கு மட்டும். நான்கு நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் குறைக்க வேண்டும். கழற்றும் நேரத்துக்கு ஈடாகப் பயிற்சி: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்துவது, கையும் காலும் ஊன்றி முதுகைப் பூனை போல வளைப்பது, அப்படியே இருந்து எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, பிறகு நடை. முதல் நாள் பத்து நிமிடம் நடந்தேன். சிவதாபுரத்துத் தெருவில் வேலை நேரத்தில் ஒரு பெண் சும்மா நடந்துபோவதைப் பார்த்து எங்கே போகிறாய் என்று நான்கு பேர் கேட்டார்கள். ஒரு மாதம் கழித்து அவர்களில் இரண்டு பேர் என்னோடு நடந்தார்கள்.

மூன்றாவது வாரம் வலி திரும்பி வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. எல்லாம் போயிற்று என்று அழுதேன். தொலைபேசியில் அவர், “இரண்டு நாள் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் படுத்துவிடாதீர்கள், வீட்டுக்குள்ளேயே நடங்கள்” என்றார். மூன்றாம் நாள் மறுபடி தாளில் இருந்த கணக்குக்கு வந்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் மணையை விட்டது. என் வீட்டுக்காரர் மேசை ஒன்று அடித்துக் கொடுத்தார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, தீயை நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்து வேலை செய்கிறேன். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து தெருவாசல் வரை போய்வருகிறேன். மேசைக்கு ஆன செலவு இரண்டு பெல்ட்டுக்கும் ஆனதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இருபத்திரண்டு ஆண்டாக யாருக்கும் இது தோன்றவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா என் பழைய பெல்ட்டைக் கேட்டார். அவருக்குக் குடலிறக்கமும் இரத்த அழுத்தமும் உண்டு. வயிற்றை இறுக்கும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் அவர் கட்டக் கூடாது என்பதால் கொடுக்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். வேறு வழி தெரியவில்லை. மறுநாள் நானே அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

வலி முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மழைக்காலக் காலைகளில் இன்னும் பிடிக்கிறது. ஆனால் இந்த மே மாதம் ஏற்காட்டுக்குச் சேர்வராயனைக் கும்பிடப் போனோம். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை பேசிக்கொண்டே போனவள், மலை ஏறத் தொடங்கியதும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் உலுக்கும் உலுக்கலுக்கு அது வேண்டியிருக்கிறது. கடைசி வரிசையில் உட்காருவதையும் விட்டுவிட்டேன். கோவில் வாசலில் கழற்றிப் பையில் வைத்தேன். சேர்வராயனும் காவேரியம்மனும் இருப்பது குகைக்குள். தலையைத் தாழ்த்தி, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். முந்தைய முறை வந்தபோது வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பியவள் நான். இந்த முறை சுவரைப் பிடிக்காமல் குனிந்து போனேன். என் மகள் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கை தேவைப்படவில்லை.

இறங்கும் பஸ்ஸில் ஏறியதும் மறுபடி கட்டிக்கொண்டேன். அடிவாரம் வந்தது. கழற்றி, சுருட்டி, பையில் போட்டேன்.