போக்கா யோக்கேயும் அம்மாவின் உப்புக் கிண்ணமும்

தீபாவளிக்கு முந்தின வாரம் காரைக்குடிக்குப் போனபோது அம்மா முகமே சரியில்லை. அம்மா ஒரு பலகாரக்கூடத்தில் மாவு பிசைகிறார். அன்றைக்குத் தேன்குழல் மாவுக்கு உப்புப் போடப்போகிற நேரத்தில் யாரோ கூப்பிட, போய்விட்டு வந்து, போட்டாச்சு என்ற நினைப்பிலேயே பிசைந்துவிட்டார். பிழிந்து எடுத்தது அத்தனையும் சப்பென்று இருந்திருக்கிறது. எல்லார் முன்னாலும் ஏச்சு. "முப்பது வருசமாப் பிசையிறேன், இன்னைக்கு முட்டாள்னு பேர் வாங்கிட்டேன்டா" என்றார்.

அந்த முட்டாள் என்ற சொல்தான் என்னை உறுத்தியது. நான் ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பிரிவில் இருக்கிறேன், அங்கே நாங்கள் தினமும் சொல்லும் 'போக்கா யோக்கே'க்கும் முதலில் அந்தப் பேர்தான் இருந்தது. தப்பு நடக்காதபடி, நடந்தாலும் உடனே தெரியும்படி வேலையை அமைத்துக்கொள்ளும் ஜப்பானிய முறை அது. 'பாக்கா யோக்கே': பாக்கா என்றால் முட்டாள், யோக்கே என்றால் தவிர்ப்பது.

1961-இல் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் யமடா எலக்ட்ரிக் தொழிற்சாலைக்குப் போகிறார். அங்கே ஒரு சின்ன சுவிட்ச், இரண்டு பொத்தான், அடியில் இரண்டு ஸ்பிரிங். பெட்டியிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து எடுத்துப் போடுவதால் சில சமயம் ஒன்று விட்டுப்போகும். திட்டினால் கொஞ்ச நாள் சரியாக இருக்கும், அப்புறம் பழைய கதைதான். ஷிங்கோ சொன்னது இவ்வளவே: வேலையைத் தொடங்கும் முன் இரண்டு ஸ்பிரிங்கை ஒரு சின்னத் தட்டில் எடுத்து வையுங்கள். முடித்த பிறகு தட்டில் ஒன்று மிஞ்சினால் விட்டது தெரிந்துவிடும். தப்பான பக்கமாகச் செருகிவிடாமல் இருக்கச் சிம் கார்டின் ஒரு மூலையை வெட்டியிருப்பதும் இந்த வகைதான்.

பேர் மாறியது 1963-இல். அரகாவா ஆட்டோ பாடி தொழிற்சாலையில் இப்படி ஓர் ஏற்பாட்டைப் பொருத்தியபோது, நான் அவ்வளவு முட்டாளா என்று அங்கே வேலை செய்த ஒரு பெண் அழுதுவிட்டார். ஷிங்கோ அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு 'போக்கா' என்று மாற்றினார். கோ, ஷோகி என்று ஜப்பானில் சதுரங்கம்போலக் காய் வைத்து ஆடும் ஆட்டங்களில் நன்றாக ஆடத் தெரிந்தவரே அசந்து வைத்துவிடும் தப்பான காய்க்கு அந்தப் பேர். நம் பேச்சில் கைப்பிசகு. எனக்கு அந்தத் தட்டைவிட இந்தப் பேர் மாற்றம்தான் பெரிதாகத் தெரிகிறது. கைப்பிசகு கைதேர்ந்தவருக்கும் வரும், அதற்குத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அந்தப் பெண் அழுத இடத்தில் "பாவம்" என்றார், வேறு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாவு அளக்கும்போதே ஒவ்வொரு ஏனத்துக்கும் வேண்டிய உப்பைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் அளந்து பக்கத்திலேயே வைத்துவிட்டாராம். உப்பு இருந்தால் இன்னும் போடவில்லை, காலியானால் போட்டாச்சு. ராத்திரி வந்து, நான் யோசிக்காத ஒன்றைச் சொன்னார்.

"போட்டதும் கிண்ணத்தைக் கவுத்து வச்சிரணும்டா. இல்லேன்னா காலியா இருக்கேன்னு யாராச்சும் திரும்ப உப்பு அள்ளி வச்சிருவாக."