தூக்கத்தைத் தொலைத்த நான்கு நாள்

லாங்யர்பியன் என்ற ஊரில், விடுதிக்குள் காலை வைத்ததுமே ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். ஆர்க்டிக்கிலும் நம் வீட்டுப் பழக்கமா! நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் காலோடு கரித்தூளைக் கொண்டுவருவார்களாம். அந்தக் காலம் போய்விட்டது, வழக்கம் மட்டும் போகவில்லை. அருங்காட்சியகத்தையும் சாக்ஸோடுதான் சுற்றிப் பார்த்தேன்.

இந்த ஊர் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கிறது, வடக்கே 78 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 20 தாண்டும்வரை இங்கே சூரியன் மறைவதே இல்லை. நாங்கள் போனது ஜூலையில். ராத்திரி ஒரு மணிக்குத் திரை இடுக்கு வழியாக வெயில் முகத்தில் அடித்தது. துண்டைச் செருகிப் பார்த்தேன், பலிக்கவில்லை. போகிறவர்கள் ஸ்வெட்டரை மறந்தாலும் கண்ணுக்குக் கட்டும் பட்டியை மறக்காதீர்கள்.

பயிர் விதைகளை மலைக்குள் பாதுகாத்து வைக்கும் உலக விதைக் காப்பகத்தைப் பார்க்க நிறைய பேர் டாக்ஸி பிடிக்கிறார்கள். 2008இல் திறந்தது. ஹைதராபாத் பக்கத்து இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பிய கம்பு, துவரை விதைகள்கூட அந்த மலைக்குள் உறைந்து கிடக்கின்றன. ஆனால் நமக்கு வாசல் தரிசனம் மட்டும்தான், உள்ளே விடமாட்டார்கள். நேரமில்லை என்றால் விட்டுவிடலாம்.

பிரமிடன் படகுப் பயணத்தை மட்டும் விடாதீர்கள். 1998இல் சுரங்கத்தை மூடிவிட்டு ஆட்கள் கிளம்பிப்போன சோவியத் ஊர் அது. பனியாற்றைப் பார்த்தபடி லெனின் சிலை நிற்கிறது. குடியிருப்பின் ஜன்னல் விளிம்புகளில் கடற்பறவைகள் வரிசையாகக் கூடு கட்டி, எச்சத்தால் சுவரையே வெள்ளையடித்திருந்தன. ஆள் அரவம் இல்லாத தெருவில் காது அடைக்கும் இரைச்சல். வழிகாட்டிப் பெண் தோளில் துப்பாக்கியோடு முன்னே நடந்தார். பனிக்கரடி எங்கிருந்தும் வரலாம் என்பதால், ஊர் எல்லையைத் தாண்டினால் அந்த ஏற்பாடு அவசியம்.

நாங்கள் கரடி எதையும் பார்க்கவில்லை. என்னைத் தாக்கியது ஆலா, கையளவுப் பறவை. கரையோரம் அதன் கூட்டுப் பக்கம் போய்விட்டேன் போலிருக்கிறது, தொப்பியில் இரண்டு கொத்து. தலைக்கு மேலே ஒரு குச்சியைத் தூக்கிப் பிடித்தால் உயரமான அதைத்தான் கொத்தும் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் ராத்திரி பதினொரு மணி வெயிலில், கையைத் தூக்கியபடியே விடுதிவரை நடந்தேன்.